பாலைநிலத் திசிலும் அதன் உலர்தாவரத் தாள்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய வட மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் மொஹாவி, சொனோரா, சிவாவா ஆகிய பாலைநிலங்களில், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த திசில் என்னும் முட்செடிகள் மனிதர் நடாமலேயே காலங்காலமாக வளர்ந்து வருகின்றன. சிர்சியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இச்செடிகளில் வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 60 சிற்றினங்கள் உள்ளன. ஐரோப்பாவிலிருந்து விதையாக வந்திறங்கி மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கிய திசில்களின் கெட்ட பெயர் இந்த மண்ணின் திசில்களையும் தொற்றிக்கொண்டதால், இரண்டுக்கும் வேறுபாடு அறியாத பண்ணையாளர்களும் சாலைப் பணியாளர்களும் எல்லாவற்றையும் களை என்றே கருதி வெட்டி வந்துள்ளனர். தேனீக்களும் தேன்சிட்டுகளை ஒத்த ஹம்மிங் பறவைகளும் இப்பூக்களில் தேன் அருந்துகின்றன. பலவகைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு இவற்றின் இலைகளே உணவு. கோல்ட்ஃபின்ச் என்னும் சிறு மஞ்சள் பறவை இவற்றின் விதையைத் தின்று, விதையோடு பறக்கும் பஞ்சிழைகளைக் கொண்டு கூட்டுக்கு மெத்தை அமைக்கிறது.

இப்பாலைநிலத் திசில்களுள் இரண்டு, தாவர ஆவணங்களைப் படிப்போருக்குத் தனித்தனிப் பாடங்களாக அமைந்துள்ளன. முதலாவது, நியூ மெக்சிகோ திசில் எனப்படும் சிர்சியம் நியோமெக்சிகானம். வறண்ட சரளைத் தரையிலும் மலையடிச் சரிவுகளிலும் சாலையோரங்களிலும் முளைத்து, சாம்பல் பூத்த இலைகளைத் தரையோடு வட்டமாக விரித்து ஒரு குளிர்காலத்தையேனும் கழித்தபின், வசந்தத்தில் தண்டு நீட்டி இளஞ்சிவப்பாகவோ வெளிர் ஊதாவாகவோ பூக்கும். இரண்டாவது, ரைட் சதுப்புத் திசில் எனப்படும் சிர்சியம் ரைட்டி. இது பாலைநிலத்துக்குள்ளேயே வாழ்ந்தாலும் வறட்சியைத் தாங்காது. நிலத்தடி நீர் ஊற்றாகக் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும், உவர்த்தன்மை கொண்ட சதுப்புகளில் மட்டுமே இது வேர் பிடிக்கும்; அத்தகைய பாலைச் சதுப்பை அப்பகுதி மக்கள் சியெனகா என்பர். ஒன்று முதல் இரண்டரை மீட்டர் வரை உயரும் இச்செடி, கோடையின் இறுதியில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்து, ஒரே முறை விதையளித்துவிட்டு மடிந்துபோகும்.

இவ்விரு செடிகளும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எங்கே வளர்ந்தன, இன்று எங்கே இல்லை என்பதை அறிவதற்கு நேரடியான சான்றாக இருப்பவை, ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரத் தொகுப்பகங்களில் அடுக்கப்பட்டிருக்கும் தாள்கள். தாவரவியலாளர் ஒருவர் செடியை வெட்டி எடுத்து, செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பி, உறிஞ்சுதாள்களுக்கு இடையில் வைத்து இறுக்கிக் கட்டி உலர்த்துகிறார். உலர்ந்த செடி கெட்டியான தாளில் ஒட்டப்பட்டு அல்லது தைக்கப்பட்டு, அதன் கீழ் மூலையில் ஒரு விவரச்சீட்டு சேர்க்கப்படுகிறது. இனத்தின் பெயர், எடுத்த இடம், உயரம், சூழல், நாள், எடுத்தவர் பெயர், அவருடைய வரிசை எண் ஆகியவை அச்சீட்டில் இருக்க வேண்டியவை. உலகெங்கும் இயங்கிவரும் 3,000-க்கும் மேற்பட்ட தொகுப்பகங்களில் 35 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகள் இவ்வாறு பேணப்படுகின்றன. ஒரு தாளின் மதிப்பு அதில் ஒட்டியிருக்கும் செடியைப் போலவே அதன் சீட்டையும் பொறுத்தது. சீட்டில்லாத செடி வெறும் சருகுதான்.

ஆனால் திசில் தாளுக்கு எளிதில் அடங்கும் செடி அன்று. தாளின் அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு, செடியோ ஆள் உயரம்; எனவே அடியிலை, தண்டின் நடுப்பகுதி, பூத்த கிளை என்று துண்டுகளாக்கிப் பல தாள்களில் ஒட்ட வேண்டியிருக்கிறது. பூத்தலை எனப்படும் பகுதி உண்மையில் நூற்றுக்கணக்கான குறும்பூக்கள் ஒரு சதைப்பற்றான மேடையில் நெருங்கி அமைந்த தொகுதியாகும். அதன் தடிப்பு காரணமாக, நெடுக்கில் பிளந்து வைத்தாலன்றி அது உலர்வதற்குள் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மெதுவாக உலரும் தலையிலோ, வெட்டப்பட்ட பின்னும் குறும்பூக்கள் முதிர்ந்துகொண்டே போய், கட்டைப் பிரிக்கும்போது நிறமுள்ள பூவுக்குப் பதிலாகப் பஞ்சிழையே எஞ்சியிருக்கும். போதாக்குறைக்கு, தோல் கையுறை இல்லாமல் கையாள முடியாத முட்கள் வேறு. இத்தனை தொல்லைக்கு அஞ்சியே பல சேகரிப்பாளர்கள் திசிலைக் கண்டும் காணாமல் கடந்தனர். எடுத்தவர்களிலும் சிலர் கைக்கு எட்டிய ஒரு பூங்கிளையை மட்டும் ஒடித்து வந்தனர். இதன் விளைவு பெயரிடுவதில் தெரிகிறது. சிர்சியத்தின் சிற்றினங்களைப் பிரித்தறியப் பூத்தலையைச் சுற்றியுள்ள செதில்களின் முள்நீளமும் சாய்வும், இலையடி தண்டோடு ஒட்டி இறங்கும் விதமும், அடியிலையின் வடிவமும், உலர்ந்தால் மங்கிவிடும் பூநிறமும் தேவைப்படுவதால், அரைகுறைத் தாள்கள் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறிக்கொண்டே வந்துள்ளன. தாளின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட சிறு திருத்தச்சீட்டுகளே அந்த வழக்கின் வரலாறு. பழைய பெயரை அடித்துவிடாமல் புதியதை அருகில் ஒட்டும் இவ்வழக்கம் அறிவியலில் நேர்மைக்கு நல்லதொரு எடுத்துக்காட்டு.

மேற்சொன்ன இரு திசில்களுக்கும் இலத்தீன் பெயர் சூட்டியவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏசா கிரே. அவர் பாலைநிலத்தைக் காணாமலே அதன் தாவரங்களை விவரித்தார். அங்கு நடந்து திரிந்து செடிகளை அனுப்பியவர் சார்லஸ் ரைட். 1811-இல் கனெடிகட் மாநிலத்தில் பிறந்து, யேல் கல்லூரியில் படித்து, டெக்சாஸில் நில அளவையாளராகவும் ஆசிரியராகவும் காலம் தள்ளிய ரைட், 1849-இல் இராணுவச் சரக்கு வண்டிகளோடு சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோ வரை செல்லும் வாய்ப்பைப் பெற்றார். அவருடைய பெட்டியும் தாள்கட்டுகளும் வண்டியில் போக, அவர் ஏறத்தாழ 670 மைல் தொலைவை நடந்தே கடந்தார். 1846 முதல் 1848 வரை நடந்த போருக்குப் பின் அமெரிக்காவும் மெக்சிகோவும் தங்கள் புதிய எல்லையை அளக்கத் தொடங்கியபோது, 1851-இல் அந்த அளவைக் குழுவோடு அவர் மீண்டும் மேற்கே சென்றார். அப்பயணத்தில், இன்றைய அரிசோனாவின் தென்கிழக்கு மூலையை ஒட்டிய சான் பெர்னார்டினோ என்னும் இடத்தின் ஊற்றுகளருகே, உயர்ந்து வளர்ந்த ஒரு திசிலை அவர் வெட்டித் தாளுக்குள் வைத்தார். 1853-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட ‘பிளாண்டே ரைட்டியானே’ என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் கிரே அதற்குச் சிர்சியம் ரைட்டி என்று பெயரிட்டார். நியூ மெக்சிகோ திசிலும் அதே நூலில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

ஒரு பெயர் எந்த உண்மையான செடியைக் குறிக்கிறது என்பதற்கு அசையாத சான்றாக நிற்கும் தாளை வகைமாதிரி என்பர். ரைட்டின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய மாதிரிகள் பல, கிரே தம் தொகுப்பை 1864-இல் ஹார்வர்டுக்கு அளித்ததால் உருவான கிரே ஹெர்பேரியத்தில் இருக்கின்றன. ஆனால் இத்தாள்களின் சீட்டுகளை அப்படியே நம்பியவர்கள் இடறிவிழுந்திருக்கிறார்கள். ரைட் வயலில் எழுதிய எண்கள் வேறு, கிரே தாள்களைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்து அனுப்பும்போது தாமே இட்ட எண்கள் வேறு. ஒரே இனம் என்று தோன்றினால், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு நாள்களில் எடுத்தவற்றையும் அவர் ஒரே எண்ணுக்குள் சேர்த்தார். அச்சிட்ட சீட்டிலோ இடப்பெயருக்குப் பதிலாகப் பயணத்தின் இரு முனைகள் மட்டுமே பல வேளைகளில் இருந்தன. எனவே இரு தொகுப்பகங்களில் ஒரே எண்ணுடன் உள்ள இரண்டு தாள்கள், நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் வளர்ந்த இரு செடிகளாக இருக்கக்கூடும். ரைட்டின் வயற்குறிப்பேடுகளைக் கொண்டு இம்முடிச்சுகளை அவிழ்க்கப் பின்வந்தோர் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. எலிசபெத் ஷா 1987-இல் வெளியிட்ட நூல் முழுமையும் இவ்வொரு மனிதரின் எல்லைப்பயணச் சேகரிப்பை வரிசைப்படுத்துவதற்கே செலவாகியுள்ளது. சேகரிப்பு என்றால் செடி பறிப்பது என்று எண்ணுவோர் இந்நூலைப் புரட்டிப் பார்க்கலாம்.

சான் பெர்னார்டினோ தாளில் இன்னுமொரு சிக்கல் உண்டு. ரைட் அங்கு நின்ற 1851-இல் அவ்விடம் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக்கு உட்பட்டது. கிரேயின் நூல் வெளிவந்த அதே 1853-இன் இறுதியில், காட்ஸ்டன் விலையொப்பந்தம் என்னும் உடன்படிக்கைப்படி அமெரிக்கா அந்நிலப்பகுதியை வாங்கியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோது, புதிய எல்லைக்கோடு சான் பெர்னார்டினோ பண்ணையையும் அதன் சதுப்பையும் ஊடறுத்துச் சென்றது. ஆகவே செடி வெட்டப்பட்டபோது மெக்சிகோவில் இருந்த ஊற்று, எந்தப் பக்கத்து ஊற்று என்பதைப் பொறுத்து, இன்று அரிசோனாவிலும் இருக்கலாம், சொனோராவிலும் இருக்கலாம். அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்கு சேவை என்னும் நடுவண் துறை, எல்லையின் இருபுறமும் கிடக்கும் அச்சதுப்பின் பதிவை அரிசோனாவின் கணக்கிலேயே வைத்துள்ளது. அம்மாநிலத்துக்கு அச்செடி உரியது என்பதற்குள்ள ஆதாரம் அச்சதுப்பு ஒன்றே. இன்று அரிசோனாவில் எங்கும் அச்செடி இல்லை.

அது எவ்வாறு அற்றுப்போயிற்று என்பதைத் தாள் சொல்லாது. நிலத்தின் வரலாறு சொல்கிறது. 1880-களில் இருப்புப்பாதை வந்ததையடுத்துத் தெற்கு அரிசோனாவின் புல்வெளிகளில் கால்நடைகள் பெருமளவில் குவிக்கப்பட்டன. 1890-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட கொடிய வறட்சியில் அவை ஆயிரக்கணக்கில் மாண்டன. அதற்குள் தரையின் புற்போர்வை மேய்ந்து தீர்க்கப்பட்டிருந்ததால், பின்னர் கொட்டிய மழை மண்ணுக்குள் இறங்காமல் வெள்ளமாக ஓடி, மெதுவாகக் கசிந்து பரவிய சதுப்புகளின் நடுவே ஆழமான வாய்க்கால்களை அரித்தது. இது வறட்சியின் விளைவா, மேய்ச்சலின் விளைவா, சாலைகளும் கால்வாய்களும் வெட்டியதன் விளைவா என்பது நெடுநாளாக விவாதத்துக்குரியது. மூன்றுக்கும் பங்குண்டு என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வாய்க்கால் ஆழமாகும்போது அதன் இருமருங்கிலும் நிலத்தடி நீர்மட்டம் தாழ்கிறது. மட்டம் தாழ்ந்தால் வேர் எப்போதும் நனைந்திருக்க வேண்டிய ரைட் திசிலுக்கு இடமில்லை. ஆழ்துளைக் கிணறுகளும் பாசனமும் எஞ்சியதை முடித்துவைத்தன. 1982-இல் எல்லையின் அமெரிக்கப் பக்கத்தில் சான் பெர்னார்டினோ தேசிய வனவிலங்குப் புகலிடம் அமைக்கப்பட்டு, அருகிவரும் யாக்கி ஆற்று மீன்கள் அங்குப் பேணப்படுகின்றன. திசிலைத் தேடிப் போனவர்களோ அதற்குத் தகுந்த சதுப்பையே அங்குக் காணவில்லை.

இங்குதான் தாவரத்தாளின் இயல்பான குறைபாடு முன்வருகிறது. ஒரு தாள், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு செடி இருந்தது என்பதை ஐயமின்றி நிறுவும். அச்செடி ஓரிடத்தில் இல்லை என்பதை ஆயிரம் தாள்கள் சேர்ந்தாலும் நிறுவ முடியாது. தாள் இல்லாமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: செடி அங்கு இல்லை, அல்லது அங்கு யாரும் செல்லவில்லை, அல்லது சென்றவர் முள்ளுக்கு அஞ்சி எடுக்கவில்லை. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆகிய மூன்று நிலப்பகுதிகளின் தொகுப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, மாதிரிகள் சாலையோரங்களிலிருந்தே மிகுதியாக எடுக்கப்பட்டதையும், ஒரு சில சேகரிப்பாளர்களே பெரும்பங்கைத் திரட்டியதையும் காட்டியது. பாலைநிலத்தில் இச்சாய்வு மேலும் கூடும் என்று கருத இடமுண்டு, ஏனெனில் அங்கே நீரும் நிழலும் இல்லாத தொலைவுக்கு மூட்டையோடு நடப்பது எளிதன்று.

வறண்ட தரையில் வளரும் நியூ மெக்சிகோ திசிலைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அச்செடியின் பதிவுகளை நிலப்படத்தில் புள்ளிகளாக இட்டால், ஒரு பகுதி செடியின் பரவலையும் மறுபகுதி நெடுஞ்சாலைகளின் போக்கையும் காட்டும். சாலையின் தார்ப்பரப்பில் விழும் மழைநீர் ஓரத்துக்கு வடிவதால், ஓரத்து மண் சுற்றுப்புறத்தைவிட ஈரமாக இருந்து திசிலைச் செழிக்கச் செய்கிறது என்பதால், இரண்டையும் பிரிப்பதும் கடினம். காலத்திலும் அதே சாய்வு உண்டு. குளிர்கால மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பாலை பூத்துக் குலுங்குவதைக் கேள்விப்பட்டு சேகரிப்பாளர்கள் திரண்டு வருவார்கள். பொய்த்த ஆண்டுகளில் வரமாட்டார்கள். ஆகவே பத்தாண்டுக்குப் பத்தாண்டு பதிவுகளின் எண்ணிக்கை கூடிக் குறைவதைக் கண்டு, செடியே பெருகியது அல்லது அருகியது என்று முடிவு கட்டுவது பிழையாகும். பூக்கும் பருவத்தை அறிவதற்குத் தாள்கள் இதைவிட நம்பகமானவை, ஏனெனில் நாள் தெளிவாக எழுதப்பட்டிருக்க, மொட்டோ பூவோ விதையோ கண்முன் இருக்கிறது. ஆயினும் உலரும்போதே பூ முதிர்ந்துவிடும் திசிலின் குணத்தை அங்கும் நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனை குறைகளோடும் சட்டம் இத்தாள்களையே நாடியது. 1973-இல் அமெரிக்கா அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தை இயற்றியபோது, எந்தெந்தத் தாவரங்கள் ஆபத்தில் உள்ளன என்று ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஸ்மித்சோனியன் நிறுவனத்தைப் பணித்தது. 1975-இல் அந்நிறுவனம் அளித்த பட்டியலில் 3,000-க்கும் மேற்பட்ட தாவரங்கள் இடம்பெற்றன. களஆய்வு செய்ய ஆளும் காலமும் போதாத நிலையில், வல்லுநர்களின் அறிவுக்கு அடுத்தபடியாகத் தொகுப்பகத் தாள்களே அதற்குத் துணைநின்றன. ரைட் திசிலுக்கு முறை வரப் பின்னும் நெடுங்காலமாயிற்று. அதைக் காக்கக் கோரும் மனு 2008-இல் அளிக்கப்பட்டது. பாதுகாப்புக்கு உரியதுதான், ஆயினும் அதனினும் அவசரமான பணிகள் முன்னே நிற்கின்றன என்று 2010-இல் விடை கிடைத்தது. 2023-இல்தான் அச்செடி அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஒரு செடியின் வாழ்நாளே சில ஆண்டுகள் என்னும்போது 15 ஆண்டுகள் சிறிதன்று.

அறிவிப்பின்போது கணக்கில் இருந்தவை நியூ மெக்சிகோ மாநிலத்தின் எட்டு இடங்கள் மட்டுமே. சான்டா ரோசா நகரைச் சுற்றிய ஊற்றுகள், ராஸ்வெல் அருகிலுள்ள பிட்டர் லேக் புகலிடம், டுலரோசா ஓடை, அலமோசா ஓடை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து வறண்ட நிலத்தால் பிரிக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் செடி அழிந்தால் இன்னோரிடத்து விதை வந்து ஈடுசெய்யும் வாய்ப்பு மிகக் குறைவு. நீரை வேறு பயன்களுக்குத் திருப்புதல், நீடிக்கும் வறட்சி, கால்நடை மேய்ச்சல், சதுப்பை அடைத்து வளரும் நாணல் வகை, கிழக்குப் பகுதியில் எண்ணெய் எரிவாயுக் கிணறுகள் என அச்சுறுத்தல்கள் இடத்துக்கு இடம் மாறினாலும், முடிவில் எல்லாம் நீரிலேயே வந்து நிற்கின்றன.

அழிக்க வேண்டிய திசிலை அழிக்கக் கொண்டுவரப்பட்ட ஒரு பூச்சியையும் இங்குக் குறிப்பிடாமல் விட முடியாது. மஸ்க் திசில் என்னும் அயல்நாட்டுக் களையை ஒடுக்குவதற்காக, பூத்தலைக்குள் முட்டையிட்டு விதையைத் தின்னும் ரைனோசிலஸ் கோனிகஸ் என்னும் கூன்வண்டு, 1960-களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வரவழைக்கப்பட்டது. அது மண்ணின் திசில்களையும் விட்டுவைக்கவில்லை என்பதை ஸ்வாட்டா லவுடாவும் அவருடைய குழுவினரும் 1997-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை உலகுக்கு உணர்த்தியது. ஒரே முறை பூத்து மடியும் செடிக்கு விதையிழப்பைத் தாங்கும் வலு குறைவு. இத்தகைய கேள்விகளில் பழைய தாள்கள் எதிர்பாராத வகையில் உதவக்கூடியவை: ஒட்டப்பட்ட பூத்தலைகளைத் திறந்து பார்த்தால், வண்டு வருவதற்கு முன்பும் பின்பும் விதைகள் எந்த அளவு தின்னப்பட்டன என்பதற்கான தடயம் கிடைக்கும். தாளை உருவாக்கியவர் நினைத்தும் பார்த்திராத பயன் இது; உலர்ந்த இலைத் துணுக்கிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுப்பதும் அவ்வாறே. 2024-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட தன் தொகுப்பகத்தை மூடப்போவதாக அறிவித்தபோது தாவரவியலாளர்கள் பதறியதற்கும், இன்னும் கேட்கப்படாத கேள்விகளுக்கு விடை அங்கே இருக்கலாம் என்பதே காரணம்.

இப்போது தென்மேற்குப் பகுதித் தொகுப்பகங்களின் தாள்கள் படமெடுக்கப்பட்டு, செய்னெட் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் யாரும் காணும்படி வைக்கப்பட்டு வருகின்றன. வடமேற்கு மெக்சிகோவின் தொகுப்பகங்களும் அதே கட்டமைப்பில் இணைந்துள்ளன. பழைய சீட்டில் உள்ள இடப்பெயரைப் படித்து, அதற்கு அட்சரேகை தீர்க்கரேகை குறித்து, எத்தனை கிலோமீட்டர் பிசகக்கூடும் என்பதையும் ஒரு வட்டமாக வரையும் வேலை பொறுமை மிக்கவர்களால் ஒவ்வொரு தாளாக நடந்துவருகிறது. அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட தாளுக்கு அவ்வட்டம் பெரும்பாலும் சிறியதாக அமையும். ரைட்டின் 1851-ஆம் ஆண்டுத் தாளுக்குச் சான் பெர்னார்டினோவை மையமாக வைத்துச் சில கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால், அதன் வடபாதி அரிசோனாவிலும் தென்பாதி சொனோராவிலும் விழும். அதனால் அச்செடியை மீண்டும் தேடுவோர் எல்லையின் இரு பக்கங்களிலும் அனுமதி பெற்று இறங்க வேண்டியிருக்கிறது.